நீலத் தாழைக்கோழியும் கானாங்கோழியும்: பயிரைக் கடிப்பது எது?

கன்னிப்பூ நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் நாட்களில், நாஞ்சில் நாட்டின் குளத்தடி வயல்களிலிருந்து தவறாமல் வரும் முறையீடு ஒன்று உண்டு. "தண்ணிக்கோழி பயிரைக் கடித்துப் போடுகிறது, என்ன மருந்து வைக்கலாம்?" என்பதே அது. இதற்கு விடை கூறுமுன் விவசாயியிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது: எந்தத் தண்ணிக்கோழி?

குளத்திலும் வயலிலும் கோழி போல நடமாடும் பறவைகள் அனைத்தையும் நம் மக்கள் தண்ணிக்கோழி, நீர்க்கோழி என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். உண்மையில் குமரி மாவட்டத்து நெல் வயல்களில் சாதாரணமாகத் தென்படும் இவ்வகைப் பறவைகளுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று நீலத் தாழைக்கோழி. மற்றொன்று வெண்மார்புக் கானாங்கோழி, சுருக்கமாகக் கானாங்கோழி. கேரளத்தில் முன்னதை நீலக்கோழி என்றும் பின்னதைக் குளக்கோழி என்றும் அழைப்பதால், விளவங்கோடு, கல்குளம் பகுதியினருக்கு அந்தப் பெயர்களும் பழக்கமாயிருக்கக்கூடும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் நெல் விவசாயியைப் பொறுத்தவரை இவற்றினிடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஒன்று கூட்டமாக வந்து பயிரின் குருத்தைத் தின்னும். மற்றொன்று பெரும்பாலும் வரப்போரத்தில் புழு பூச்சிகளைப் பொறுக்கித் தின்னும். கண்ணியில் அதிகம் சிக்குவதோ இந்த இரண்டாவது பறவைதான்.

அடையாளம்

இரண்டு பறவைகளுக்கும் பொதுவான அம்சங்கள் சில உண்டு. நீண்ட விரல்கள், குட்டையான வால், நடக்கும்போது வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கும் வழக்கம் ஆகியவை இரண்டிலும் காணப்படும். ஆபத்து வந்தால் பறப்பதைவிடப் புதருக்குள் ஓடி ஒளிவதையே இரண்டும் விரும்பும். பறந்தாலும் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரமப்பட்டுப் பறக்கும். ஆணும் பெண்ணும் ஒன்று போலவே இருக்கும். குஞ்சுகள் இரண்டிலும் கறுப்பாக இருப்பதால், குஞ்சை மட்டும் பார்த்து இனத்தை முடிவு செய்ய முயல வேண்டாம். அருகில் திரியும் தாய்ப் பறவையைப் பார்க்க வேண்டும்.

நீலத் தாழைக்கோழி நாட்டுக்கோழி அளவு இருக்கும். அலகு முதல் வால் நுனி வரை 45 முதல் 50 செ.மீ. நீளம். உடல் ஊதா கலந்த நீலம். தலை சற்றுச் சாம்பல் படிந்தது. அலகு தடித்து, சிவந்து காணப்படும். அதே சிவப்பு நெற்றியில் கேடயம் போலப் படர்ந்திருக்கும். கால்களும் நீண்டு சிவந்தவை. வாலைத் தூக்கும்போது அடியில் உள்ள வெண்ணிறம் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். இது பெரும்பாலும் கூட்டமாகவே வாழும். முன்பு ஐரோப்பா முதல் ஆஸ்திரேலியா வரை உள்ள இவ்வகைப் பறவைகளையெல்லாம் ஒரே இனமாகக் கணக்கிட்டனர். இப்போது அவற்றைப் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். நம் நாட்டுப் பறவைக்கு போர்ஃபிரியோ போலியோசெபாலஸ் என்று பெயர்.

கானாங்கோழி கவுதாரி அளவே இருக்கும்; நீளம் சுமார் 32 செ.மீ. முதுகு கருஞ்சாம்பல். முகம், கழுத்தின் முன்புறம், மார்பு ஆகியவை தூய வெள்ளை. வாலின் அடிப்பக்கம் செங்கல் நிறம். அலகு பசுமஞ்சளாகவும் அதன் அடி மட்டும் சிவப்பாகவும் இருக்கும். கால்களும் பசுமஞ்சள். இது கூட்டம் சேராது. தனியாகவோ ஜோடியாகவோதான் திரியும். குளத்தை விட்டு வெகுதூரம் உள்ளே வந்து, வாழைத் தோட்டத்து வாய்க்காலிலும், வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தேங்கும் இடத்திலும்கூட நடமாடும். மழைக்காலத்து இரவில் புதருக்குள்ளிருந்து "குர்ர்... குவாக் குவாக்" என்று விடாமல் கத்தி நம் தூக்கத்தைக் கெடுப்பது இந்தப் பறவையே. இவ்வளவு சிறிய உடலுக்கு அவ்வளவு பெரிய குரல்!

விவசாயிகள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இதே குடும்பத்தில் வெறும் 'தாழைக்கோழி' என்று புத்தகங்களில் குறிக்கப்படும் மூன்றாவது பறவையும் நம் குளங்களில் உண்டு. அதற்கும் நெற்றியில் சிவப்பு இருப்பதால் அதை நீலத் தாழைக்கோழி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அதன் உடல் கருமை. கானாங்கோழியின் அளவுதான் இருக்கும். விலாவில் வெள்ளைக் கோடு ஓடும். கால் பச்சை நிறம். சிவந்த நெற்றியோடு சிவந்த காலையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்புப் பறவை நாமக்கோழி. அது குளத்து நீரில் நீந்திக்கொண்டிருப்பது. அதனால் நெல்லுக்குக் கவலையில்லை.

உணவும் சேதமும்

நீலத் தாழைக்கோழியின் பிரதான உணவு நீர்த் தாவரங்கள். சம்பு, கோரை, தாமரை, அல்லி ஆகியவற்றின் இளங்குருத்தையும் கிழங்கையும் அது தின்னும். நத்தை, பூச்சி, சிறு மீன், பிற பறவைகளின் முட்டை ஆகியவற்றையும் விடாது. கிளி பழத்தைப் பிடிப்பது போல, பிடுங்கிய தண்டை ஒரு காலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடித்துத் தின்பது இதன் தனி வழக்கம். நெற்பயிரும் அதன் கண்ணுக்கு ஒரு வகைக் கோரைதான். தூரின் அடியில் உள்ள வெளுத்த, மெத்தென்ற பகுதியைத்தான் அது நாடுகிறது. அந்த ஓர் அங்குலத்துக்காக முழுத் தண்டையும் கடித்துப் போட்டுவிடும். ஆகவே தின்றதைவிட அழித்தது அதிகமாயிருக்கும். நெல்லுக்குச் சேதம் விளைவிக்கும் பறவை என்று பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கதிர் பால் பிடித்த பின்னர் தண்டை மிதித்து வளைத்து மணியை உருவித் தின்பதும் உண்டு.

இது போதாதென்று கூடு கட்டும் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. இப்பறவை பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இனப்பெருக்கம் செய்கிறது. சம்பு, கோரை ஆகியவற்றின் தாளை மடித்துப் போட்டு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பெரிய மெத்தை போலக் கூடு அமைக்கும். பக்கத்தில் நெல் வயல் இருந்தால் நெல் தாளையும் விடுவதில்லை. நம் கன்னிப்பூப் பயிர் தூர் கட்டிப் பொதியாகும் காலமும் ஏறக்குறைய அதுவேயாகும். கும்பப்பூவைவிடக் கன்னிப்பூவில் இந்தப் பறவையிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்பது இதனால்தான்.

கானாங்கோழியின் உணவு வேறு. பூச்சிகள், மண்புழு, நத்தை, சிறு மீன் ஆகியவற்றோடு புல் விதையும் இளந்தளிரும் சேரும். நாற்றங்காலில் விதைத்த முளை நெல்லைச் சிறிது கொத்துவதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சில நாட்கள் நாற்றங்காலைக் காவல் காத்தால் போதும். நட்ட பயிரில் அதனால் பொருட்படுத்தத்தக்க சேதம் இல்லை. தூர் தூராகப் பயிரைச் சாய்ப்பதற்கு அதன் மெல்லிய அலகும் ஏற்றதன்று. மறுபுறம், இந்தப் பறவை வயலில் இருந்தால் பூச்சி மருந்தே தேவையில்லை என்று சிலர் பேசுகிறார்கள். அப்படி நான் சொல்லமாட்டேன். ஓரிரு ஜோடிப் பறவைகள் ஒரு பத்தின் பூச்சியை ஒழித்துவிட முடியாது. ஆனால் கேடு செய்யாமல், கிடைக்கும் புழு பூச்சிகளைத் தின்று திரியும் ஓர் உயிரைக் கொல்வதில் விவசாயிக்கு ஒரு காசும் லாபமில்லை.

சேதத்தைப் பார்த்து எதிரியை அறிதல்

பறவையைப் பார்த்தவுடன் பழியை அதன் மேல் போட்டுவிடுவது எளிது. ஆனால் பகலில் கண்ணில் படுவது பறவை. இரவில் பயிரை வெட்டுவது எலி. ஆகவே அதிகாலையில் வயலில் இறங்கி, வெட்டுப்பட்ட தூரைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தடயம் அதிலேயே இருக்கிறது.

எலி வெட்டிய தண்டு கத்தியால் சீவியது போலச் சாய்வாக இருக்கும். வெட்டுவாய் சுத்தமாகத் தெரியும். நீர் மட்டத்துக்கு மேலே சில அங்குலம் விட்டு வெட்டியிருக்கும். வயலின் ஓரத்தில் பயிர் நன்றாக நிற்க, நடுவில் மட்டும் வட்டம் வட்டமாகச் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் எலிதான். வரப்பில் புதுமண் தள்ளிய வளையும் தென்படும். கதிர் முற்றியபின் எலி கதிரை வெட்டி வளைக்குள் இழுத்துச் செல்லும்.

நண்டின் வேலை நட்ட முதல் சில நாட்களோடு முடிந்துவிடும். இளநாற்றைத் தரை மட்டத்தோடு, தண்ணீருக்குள்ளேயே கத்தரித்துவிடும். வெட்டுண்ட நாற்று மேலே மிதக்கும். வரப்பில் நண்டு வளை இருக்கும்.

நீலத் தாழைக்கோழியின் சேதம் இவ்விரண்டையும் போன்றதன்று. தண்டு வெட்டுப்பட்டதாக இராமல், கிழித்து மென்றதாக இருக்கும். உள்ளே இருந்த வெள்ளைப் பகுதி காணாமற்போய், வெளித் தாள்கள் நார் நாராகக் கிடக்கும். தூர்கள் ஒரே திசையில் மிதிபட்டு மேடை போலப் படிந்திருக்கும். சேற்றில் நாட்டுக்கோழித் தடத்தைவிட நீண்ட விரல் தடம் பதிந்திருக்கும். அருகில் நார் கலந்த எச்சமும் கிடக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது இடம்: சம்பும் கோரையும் அடர்ந்த குளத்தை ஒட்டிய வயலில், அதுவும் குளத்துப் பக்கத்து விளிம்பில், சேதம் அதிகமாகவும், உள்ளே போகப் போகக் குறைந்தும் காணப்படும். குளத்திலிருந்து நாலைந்து வயல் தள்ளி, மறைவே இல்லாத இடத்தில் பயிர் விழுந்திருந்தால் முதலில் எலி வளையைத் தேடுங்கள்.

சேதத்தை மதிப்பிட, குளத்து ஓரத்திலிருந்து வயலுக்குக் குறுக்கே நேராக நடந்து, வழியில் வரும் 100 தூர்களை எண்ணி, அவற்றில் எத்தனை கடிபட்டன என்று குறித்துக்கொள்ளலாம். வயலின் நடுவிலும் எதிர் ஓரத்திலும் இவ்வாறே எண்ண வேண்டும். ஓரத்துச் சேதத்தைப் பார்த்துவிட்டு "ஏக்கர் முழுவதும் போயிற்று" என்று கலங்குவோர் பலர். எண்ணிப் பார்த்தால் போனது ஓரத்து நாலைந்து வரிசையாக இருக்கும். சில வேளை எண்ணிக்கை நாம் நினைத்ததைவிடக் கூடுதலாகவும் வரலாம். அப்போது காவலுக்குக் கூலி கொடுப்பது கட்டுமா, கட்டாதா என்று கணக்குப் பார்க்க இந்த எண்ணிக்கை உதவும்.

அடையாளம் தவறினால்

இனம் பிரித்து அறியாததால் என்ன நேரும் என்பதற்கு நியூசிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். நமது நீலத் தாழைக்கோழியின் நெருங்கிய உறவான புகேகோ என்ற பறவை அந்நாட்டில் மிகுதி. அதே குடும்பத்தைச் சேர்ந்த டாகாஹே என்ற பறக்க இயலாத பறவையும் அங்கு உண்டு. அதுவும் நீல நிறம். அதற்கும் சிவந்த அலகு. ஆனால் உடல் பருத்தது. 1898க்குப் பின் கண்ணில் படாமல், அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டு, 1948இல் மீண்டும் கண்டறியப்பட்ட அரிய பறவை அது. 2015ஆம் ஆண்டு மோட்டுடாபு என்ற தீவில் புகேகோக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகத் துப்பாக்கியுடன் சென்றவர்கள், தவறுதலாக 4 டாகாஹேக்களைச் சுட்டுவிட்டார்கள். அப்போது அவ்வினத்தில் உலகில் எஞ்சியிருந்தவையே ஏறத்தாழ 300தான். வேறுபாட்டை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி அனுப்பியும் இப்படி நேர்ந்தது. கண்ணால் பார்த்துச் சுடும் துப்பாக்கிக்கே இந்தக் கதியென்றால், வரப்பில் வைத்த கண்ணிக்கும் விஷம் கலந்த நெல்லுக்கும் எந்தப் பறவை என்று எப்படித் தெரியும்?

நம் ஊரில் நடப்பதும் அதுதான். கானாங்கோழி வரப்போரமாக, ஒரே தடத்தில் நடந்து போகும் பழக்கமுடையது. ஆகையால் கண்ணியில் எளிதில் மாட்டிக்கொள்ளும். பயிரைத் தின்ற நீலத் தாழைக்கோழிக் கூட்டமோ குளத்து நடுச் சம்புக்குள் பத்திரமாக இருக்கும். விஷம் வைத்தால் புறா, மயில், ஆடு, வீட்டுக் கோழி என்று எது வேண்டுமானாலும் சாகலாம். நாஞ்சில் நாட்டில் ஒரு வயலின் வடிகால் அடுத்த வயலின் பாசனம், அடுத்த குளத்தின் வரத்து. அந்தத் தண்ணீரில் விஷம் கலப்பது பக்கத்து வீட்டுக் கிணற்றில் கலப்பதற்குச் சமம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவ்விரண்டு பறவைகளையும் பிடிப்பதும் கொல்வதும் முட்டை எடுப்பதும் குற்றமாகும். பயிர்ச் சேதம் என்ற காரணம் சொல்லித் தப்ப முடியாது.

குளங்களின் நிலை

தேரூர், சுசீந்திரம் குளங்களில் காணும் பறவைகள் யாவும் வெளிநாட்டிலிருந்து வருபவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. குளிர்காலத்தில் அப்படி வருபவை பல உண்டு. ஆனால் நீலத் தாழைக்கோழியும் கானாங்கோழியும் ஆண்டு முழுதும் இங்கேயே இருந்து குஞ்சு பொரிப்பவை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி (94.23 ஹெக்டேர்), வேம்பனூர் ஈரநிலத் தொகுதி (19.75 ஹெக்டேர்) ஆகிய இரண்டும் 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்டுள்ளன. இவற்றைச் சுற்றியுள்ள வயல்காரர்கள் பறவைகளை அண்டை வீட்டாராக ஏற்றுத்தான் பயிர் செய்ய வேண்டியிருக்கிறது.

நெல் வயல்கள் வாழையாகவும் தென்னையாகவும் வீட்டு மனையாகவும் மாறியபின், குளத்தடியில் எஞ்சி நிற்கும் சில வயல்கள் மீதே பறவைக் கூட்டம் முழுவதும் இறங்குகிறது. முன்பு நூறு வயல்கள் பகிர்ந்துகொண்ட சேதத்தை இன்று பத்து வயல்கள் தாங்க நேர்கிறது. இது அந்தப் பத்து விவசாயிகளின் தவறன்று. தூர் வாராமல் மேடிட்டுப் போன குளத்தில் சம்பு கரை வரை வளர்ந்து வயலைத் தொட்டுவிடுவதும் ஒரு காரணம்.

செய்யத்தக்கவை

நீலத் தாழைக்கோழி வயலுக்குப் பறந்து வந்து இறங்குவதைவிட, மறைவை விட்டு நடந்து வருவதே அதிகம். இந்தப் பழக்கமே நமக்கு உதவி. குளத்துப் பக்கத்து வரப்பில் மட்டும் மூன்றடி உயரத்துக்குப் பழைய மீன் வலையை அல்லது சேலையைக் கம்பு நட்டு இழுத்துக் கட்டினால் வரத்து வெகுவாகக் குறையும். மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கழித்த வலை மலிவாகக் கிடைக்கலாம். வலை விறைப்பாக நிற்க வேண்டும். தொய்ந்து கிடந்தால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். சாரைப் பாம்பு போனால் எலி பெருகும் என்பதை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அறுவடை முடிந்ததும் வலையைக் கழற்றிவிட வேண்டும்.

வரப்புக்கும் குளத்துக்கும் இடையே உள்ள சம்பையும் கோரையையும் ஐந்தாறு கஜ அகலத்துக்கு அறுத்து வெட்டவெளியாக்கினால் பறவை அதைக் கடந்து வரத் தயங்கும். இதைக் கூடு கட்டும் காலத்துக்கு முன்பே, கோடையில் செய்துவிட வேண்டும். குளம் தனிநபர் சொத்தன்று. ஆதலால் பொதுப்பணித்துறை அல்லது ஊராட்சியின் அனுமதியும், காப்பு ஈரநிலமானால் வனத்துறையின் அனுமதியும் பெற்ற பின்னரே அறுக்க வேண்டும். குளம் முழுவதையும் மழித்துவிடக் கூடாது. இருக்க இடமில்லாத பறவை வயலுக்குத்தான் வரும்.

ஒரே பத்தில் எல்லோரும் பத்து நாள் இடைவெளிக்குள் நட்டு முடித்தால் சேதம் பகிர்ந்து போகும். தனித்து முந்தியும் பிந்தியும் நிற்கும் வயலே அதிகம் அடிபடும். பளபளக்கும் நாடாவும் வெடிச் சத்தமும் சில நாட்களே பலன் தரும். பிறகு பறவைக்குப் பழகிவிடும். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் அது மேயும் வேளைகள். ஆகையால் நாள் முழுக்கக் காவல் வேண்டாம். இந்த இரு வேளையும் ஒரு ஆள் வரப்பில் நடந்தால் போதும்.

எப்போது காவல் அவசியம் என்பதைப் பயிரின் வயதே சொல்லும். நட்ட முதல் 25, 30 நாட்களுக்குள் கடிபட்டால் தூர் மறுபடி வெடித்துக்கொள்ளும். நாற்றங்கால் மூலையில் கொஞ்சம் நாற்றை விட்டுவைத்து, போன இடத்தில் வழிநடவு செய்யலாம். அதன் பிறகு கடிபட்டால் ஈடு செய்ய வழியில்லை. அதிலும் அம்பை 16, திருப்பதிசாரம் 5 போன்ற குறுகிய காலக் கன்னிப்பூ ரகங்களுக்கு மீண்டு வர நாள் குறைவு. கும்பப்பூவில் நடும் திருப்பதிசாரம் 3க்குச் சற்று அவகாசம் உண்டு. எனவே பொதிப் பருவம் முதல் கதிர் முற்றும் வரை காவலைத் தளர்த்தலாகாது. கையில் உள்ள பணம் ஒரு பங்குக் காவலுக்கே போதுமென்றால் அதை இந்தக் காலத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கானாங்கோழிக்கு இவை எதுவும் வேண்டாம். அது தாழம்புதரிலும் மூங்கிலிலும் செடி மறைவிலும் சுள்ளியும் கொடியும் சேர்த்துக் கூடு கட்டும். வாய்க்கால் கரையிலுள்ள தாழையைக் கண்டபடி தீயிட்டுக் கொளுத்தாமல் விட்டால் போதுமானது. அந்த வேர்தான் கரையையும் பிடித்து நிறுத்துகிறது. குஞ்சுகள் பொரித்தவுடனே கூட்டை விட்டு இறங்கித் தாயோடு நடக்கத் தொடங்கிவிடும். தனியே திரியும் கறுப்புக் குஞ்சைக் கண்டு, தாயை இழந்தது என்று எண்ணிச் சிறுவர்கள் வீட்டுக்கு எடுத்து வருவதுண்டு. எடுத்த இடத்திலேயே கொண்டு விட்டால் தாய் வந்து சேர்த்துக்கொள்ளும்.

அறுவடை எந்திரம் இறங்கும் நாளில் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். குளத்துக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து அறுப்பைத் தொடங்கிக் குளத்தை நோக்கி வர வேண்டும். இரு வகைப் பறவைகளும் குஞ்சுகளோடு பயிருக்குள்ளேயே நடந்து குளத்தங்கரையை அடைந்துவிடும். நாலு புறமும் சுற்றிச் சுற்றி அறுத்தால் அவை நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். முட்டையோடு கூடு தென்பட்டால் அதைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்குப் பயிரை விட்டுவிட்டு, பின்னர் கைஅரிவாளால் அறுத்துக்கொள்ளலாம். அதற்குக் குறையும் நெல் ஒரு மரக்கால்கூட வராது.